கால்சியம் ஸ்கோர் 212, இனி என்ன செய்ய?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். நெஞ்சு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, ஆனாலும் இதயத்தை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இப்போது, இந்த நிமிடம், நெஞ்சை அழுத்துகிறது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் இதைப் படிக்க வேண்டாம். அவசர சிகிச்சைக்குப் போங்கள். கீழே இருப்பதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது.

டாக்டர், என்னோடு வேலை பார்த்த ஒருவர் 51 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு மாதம் முன்புதான் செக்கப் செய்தார், இசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாமே நார்மல். அப்படியானால் இந்த டெஸ்ட்டெல்லாம் எதற்கு?

நியாயமான கோபம். ஆனால் அந்த டெஸ்ட்டுகள் பொய் சொல்லவில்லை, அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்வியே வேறு. இசிஜி அந்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று சொல்லும், பழைய மாரடைப்பின் தடம் இருந்தால் சில சமயம் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். எக்கோ, தசை நன்றாகச் சுருங்கி விரிகிறதா, வால்வு ஒழுகுகிறதா என்று பார்க்கிறது. ட்ரெட்மில், ஓடும்போது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்று பார்ப்பது. ரத்தம் போதாமல் போக வேண்டுமென்றால் குழாய் நன்றாகவே சுருங்கியிருக்க வேண்டும், கிட்டத்தட்ட 70 சதவீதம்.

சிக்கல் என்னவென்றால் மாரடைப்பு பெரும்பாலும் அப்படிக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே போய் ஒரு நாள் மூடிவிடுவதால் வருவதில்லை. குழாயின் சுவருக்குள் கொழுப்புப் படிவு உட்கார்ந்திருக்கும், அதன் மேல்தோல் ஒரு நாள் கிழியும், கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகி நிமிடங்களில் வழியை அடைத்துவிடும். முந்தின நாள் வரை அந்த இடம் 40 சதவீதம் மட்டுமே சுருங்கியிருந்திருக்கலாம், அந்த மனிதர் ட்ரெட்மில்லில் ஜம்மென்று ஓடியிருப்பார். சுவரில் படிவு இருக்கிறதா என்பதை மேலே சொன்ன மூன்றில் எதுவுமே பார்ப்பதில்லை.

அதைப் பார்க்கும் ஸ்கேன் நடைமுறையில் இரண்டு. ஒன்று கால்சியம் ஸ்கோர், இன்னொன்று சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன். செக்கப் பேக்கேஜில் ‘ஹார்ட் ஸ்கேன்’ என்று போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். பல இடங்களில் அது வெறும் எக்கோவாகத்தான் இருக்கும்.

கால்சியம் ஸ்கோர் என்றால் என்ன? எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் ஸ்கோர் ஏறுமா?

சாயம் ஏற்றாமல், ஊசி போடாமல், இதயத் துடிப்போடு ஒத்துப்போகும்படி எடுக்கும் ஒரு சின்ன சிடி ஸ்கேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரிக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது, எவ்வளவு பரப்பு, எவ்வளவு அடர்த்தி என்று கணக்குப் போட்டு ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள். கணக்குப் போடும் முறையை 1990இல் ஆர்தர் அகாட்ஸ்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்டார்கள், அதனால் ரிப்போர்ட்டில் ‘அகாட்ஸ்டன் ஸ்கோர்’ என்று இருக்கும், பயந்துவிடாதீர்கள், புது வியாதி இல்லை.

மாத்திரைக்கும் இதற்கும் நேரடிக் கணக்கு கிடையாது. குழாய்ச் சுவரில் கொழுப்பு சேர்ந்து, புண்ணாகி, உடம்பு அதை ஆற்றப் பார்க்கும்போது அந்த இடம் சுண்ணாம்பு பூத்துக் கெட்டிப்படுகிறது. காயம் ஆறின தழும்பு மாதிரி. ஸ்கேன் தழும்பை எண்ணுகிறது, அதை வைத்து உள்ளே எத்தனை காயம் இருந்திருக்கும், இன்னும் ஆறாதது எவ்வளவு இருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம். எனவே எலும்புக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம், சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன திசைதிருப்பல்: இது நவீன வாழ்க்கை தந்த வியாதி என்றுதான் எல்லோரும் சொல்வோம். 2013இல் ஒரு குழு எகிப்து, பெரு உள்ளிட்ட இடங்களில் கிடைத்த 137 பழங்கால மம்மிகளைச் சிடி ஸ்கேனுக்குள் தள்ளிப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்கு மம்மிகளின் ரத்தக்குழாய்களில் இதே படிவு இருந்தது.

வயது 58, ஆண். தொந்தரவு எதுவும் இல்லை. நண்பர் சொன்னார் என்று கால்சியம் ஸ்கோர் எடுத்தேன். 212 என்று வந்திருக்கிறது. ‘மிதமான அளவு’ என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துவிடுவது நல்லதா?

முதலில் தூங்குங்கள் ஐயா. 212 என்பது சதவீதம் இல்லை. ‘212 அடைப்பு’ என்றோ ‘குழாய் பாதி மூடிவிட்டது’ என்றோ அர்த்தம் இல்லை. இந்த எண் அடைப்பையே அளப்பதில்லை, சுவரில் இருக்கும் மொத்தச் சுண்ணாம்பை அளக்கிறது. 212 இருப்பவருக்கு ஒரு குழாய்கூடப் பெரிதாகச் சுருங்காமல் இருக்கலாம்.

தோராயமாக இப்படிப் பிரிப்பார்கள்: 0 என்றால் ஒன்றும் தெரியவில்லை, 1 முதல் 99 வரை லேசானது, 100க்கு மேல் போனால் கவனிக்க வேண்டியது, 400ஐத் தாண்டினால் அதிகம். அப்புறம் வயது என்று ஒன்று இருக்கிறது. 45 வயதில் 212 என்றால் நானே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன், 75 வயது ஆணுக்கு அது சாதாரணம். ரிப்போர்ட்டில் ‘பெர்சன்டைல்’ என்று ஒரு எண் இருந்தால் அதைப் பாருங்கள், உங்கள் வயதில் உள்ள ஆண்கள் நூறு பேரை நிறுத்தினால் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும்.

இப்போது ஸ்டென்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். அடைப்பு என்றால் குழாயில் அழுக்கு, அழுக்கு என்றால் எடுத்துவிட வேண்டும் என்று மனசு நினைக்கிறது. ஆனால் இது குழாய் முழுக்கச் சுவரில் ஊறியிருக்கும் நோய், ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் ஒரு சென்டிமீட்டரோ மூன்று சென்டிமீட்டரோ உள்ள ஒரு இடத்தை மட்டும் விரித்து வைக்கிறது. நாளைக்குக் கிழியப்போவது அந்த இடம்தான் என்று யாருக்குத் தெரியும்? 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வு, 2020இல் வெளியான, 5,179 பேரை வைத்துச் செய்த ‘இஸ்கீமியா’ ஆய்வு, இரண்டுமே நிலையான இதயக்குழாய் நோய் உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு நல்ல மருந்து, இன்னொரு பாதிக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று பிரித்துப் பார்த்தன (முதல் ஆய்வில் ஸ்டென்ட் மட்டும்). மரணத்தைத் தடுப்பதில் ஸ்டென்ட் முந்தவில்லை. நெஞ்சு வலி இருந்தவர்களுக்கு வலி குறைந்தது, அது உண்மை, அதற்காக ஸ்டென்ட் வைப்பதும் சரி. உங்களுக்கு வலியே இல்லையே.

ஆய்வுக்குள் சேர்க்காமல் ஒதுக்கியவர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடது பிரதானக் குழாயிலேயே பெரிய அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்ப் ரொம்பத் தளர்ந்தவர்கள், மாரடைப்பு நடந்துகொண்டிருப்பவர்கள், இவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. மாரடைப்பின்போது ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் இரண்டு கருத்து இல்லை.

உங்களுக்கு 212 சொல்வது இதுதான்: நோய் இருக்கிறது, ஆரம்பித்துவிட்டது, இனி ‘வருமா வராதா’ என்ற பேச்சு இல்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும், எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாக இறங்க வேண்டும், பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும், சுகர் இருந்தால் அதுவும், சிகரெட் பிடித்தால் இன்றோடு சரி. ஆஸ்பிரினை நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், 100க்கு மேல் ஸ்கோர் உள்ள சிலருக்கு அதை யோசிப்போம், ஆனால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியும் ஆபத்தோடு தராசில் வைத்துப் பார்த்துத்தான்.

நானும் தொடக்க காலத்தில் இப்படி எண் அதிகமாக வந்தவர்களை நேராக ஆஞ்சியோவுக்கு (சிடி இல்லை, உடம்புக்குள் குழாய் செருகிச் சாயம் ஏற்றிப் பார்ப்பது) அனுப்பியிருக்கிறேன், அனுப்பினால்தான் பொறுப்பான டாக்டர் என்று தோன்றும். ஒருவருக்கு எதுவுமே செய்யத் தேவையில்லாத அடைப்பு, ஆனால் தொடையில் குழாய் செருகிய இடத்தில் ரத்தம் கட்டி இரண்டு வாரம் நடக்க முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகு கை கொஞ்சம் நிதானமாகிவிட்டது.

கணவருக்கு 54 வயது. எல்டிஎல் 142, பிரஷர் எல்லைக்கோட்டில். டாக்டர் ஸ்டாட்டின் போடச் சொல்கிறார். இவரோ ‘எனக்கு ஒன்றும் இல்லை, ஆயுசுக்கும் மாத்திரையா’ என்று மறுக்கிறார். ஸ்கேன் எடுத்தால் உதவுமா?

அம்மா, இந்த ஸ்கேனுக்குப் பொருத்தமான ஆள் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் உங்கள் கணவரைத்தான் கைகாட்டுவேன். 40க்கும் 75க்கும் நடுவில் வயது, ஆபத்து ரொம்பக் குறைவும் இல்லை ரொம்ப அதிகமும் இல்லை, மாத்திரை போடலாமா வேண்டாமா என்று முடிவு இழுபறியில் நிற்கிறது. 2018இல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதைப் பயன்படுத்தச் சொல்கிறது. 0 வந்தால், சிகரெட், சுகர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இவை இல்லாத பட்சத்தில், மாத்திரையைச் சில வருடம் தள்ளிப்போடலாம். 100 அல்லது அதற்கு மேல் என்றால் பேச்சுக்கு இடமில்லை, போட வேண்டும். நடுவில் வந்தால், அதுவும் 55ஐ நெருங்கும் வயதில், மாத்திரைப் பக்கம்தான் சாய்வேன். தெற்காசிய வம்சாவளியையும் அதே வழிகாட்டுதல் ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறது, அதை அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஸ்கேனுக்கு முன்னாலேயே அவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்: 150 வந்தால் மாத்திரை போடுவீர்களா? ‘அப்போதும் போட மாட்டேன்’ என்றால் ஸ்கேன் எதற்கு? தன் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு தெரிவதைக் கண்ணால் பார்த்தபின் மனம் மாறியவர்கள் நிறையப் பேர், அதையும் மறுக்கவில்லை.

ஸ்கோர் 0 வந்துவிட்டது! இனிமேல் கவலை இல்லைதானே? சிகரெட் ஒரு நாளைக்கு ஐந்துதான்.

0 நல்ல செய்தி, அடுத்த சில வருடங்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு குறைவு என்று சொல்வதில் இதைவிட நல்ல டெஸ்ட் கையில் இல்லை. ஆனால் சுண்ணாம்பு பூக்காத இளம் படிவு இந்த ஸ்கேனுக்குத் தெரியாது. ஸ்வீடனில் 50 முதல் 64 வயது வரை உள்ள 25 ஆயிரம் பேருக்குச் சிடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது. கால்சியம் 0 இருந்தவர்களிலும் 5.5 சதவீதம் பேருக்குப் படிவு இருந்தது. சிகரெட் பிடிப்பவருக்கு இந்த 0 சொல்லும் உத்தரவாதம் குறைவு, ஐந்தும் கணக்குதான். 35 வயதில் வரும் 0க்கும் பெரிய மதிப்பு கிடையாது, அந்த வயதில் அநேகமாக எல்லோருக்கும் 0தான்.

இன்னொன்று, எல்டிஎல் 190க்கு மேல் போனதால் ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் 0 வந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு 36, பெண். நான் இந்த ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். பெண்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு ஆண்களைவிடச் சுமார் பத்து வருடம் பின்னால்தான் தலைகாட்டும், 36இல் எடுத்தால் 0 வரும், நீங்களும் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம்.

அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55க்கு முன், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65க்கு முன் வந்தால் அதைக் குடும்ப வரலாறாகக் கணக்கில் எடுப்போம், உங்களுக்கு அது இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனையும் பிரஷர் பார்ப்பதும். எல்டிஎல், மூன்று மாதச் சராசரிச் சுகர், பிரஷர், கூடவே லிப்போபுரோட்டீன் ஏ என்று ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள் ஒன்று. இந்தக் கடைசியானது கிட்டத்தட்ட முழுக்கப் பரம்பரை, உணவாலும் ஓட்டத்தாலும் பெரிதாக மாறாது, அதனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியதா, சுகர் வந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தை பிறந்ததோடு முடிந்த கதை என்று நாம் மறந்துவிடுவோம், இதயத்துக்கு அது மறப்பதில்லை.

கதிர்வீச்சு?

கால்சியம் ஸ்கோருக்குச் சுமார் 1 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே உலக சராசரியாக ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 2.4 வருகிறது. ஒரு தடவைக்குப் பயப்பட வேண்டாம். வருடா வருடம் எடுப்பது வீண். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கால்சியம் ஸ்கோர் எல்லாவற்றையும் காட்டாது என்கிறீர்கள். அப்படியானால் நேராகச் சிடி ஆஞ்சியோவே எடுத்துவிட்டால் என்ன?

காட்டும், சுண்ணாம்பு பூக்காத படிவையும் காட்டும், சுருக்கத்தையும் காட்டும். நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு அது அருமையான டெஸ்ட். ஸ்காட்லாந்தில் 4,146 நெஞ்சு வலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், சிடி ஆஞ்சியோ எடுத்த குழுவில் ஐந்து வருடத்தில் மாரடைப்பு அல்லது இதயநோய் மரணம் 2.3 சதவீதம், எடுக்காத குழுவில் 3.9. காரணம் ஸ்டென்ட் அதிகம் வைத்தது இல்லை, படிவைப் பார்த்த டாக்டர்கள் சரியான ஆட்களுக்கு மருந்தை ஆரம்பித்ததுதான் என்று நினைக்கிறார்கள்.

தொந்தரவே இல்லாதவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே வராது. அயோடின் சாயம் ஏற்ற வேண்டும், சிலருக்கு அலர்ஜி வரும், சிறுநீரகம் பலவீனமானவர்கள் யோசிக்க வேண்டும், சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். துடிப்பைக் குறைக்க மாத்திரை தருவார்கள். சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் அது படத்தில் பூதாகரமாகப் பரவித் தெரிந்து, இல்லாத அடைப்பையும் இருப்பதுபோல் காட்டும், அங்கிருந்து ஆஞ்சியோ, அங்கிருந்து ‘வந்ததுதான் வந்தோம்’ என்று ஒரு ஸ்டென்ட். எந்த நெஞ்சு ஸ்கேனிலும் இன்னொரு தொல்லை, பக்கத்தில் இருக்கும் நுரையீரலும் கொஞ்சம் படத்தில் விழும், அதில் ஒரு சின்னப் புள்ளி தெரியும், பெரும்பாலும் ஒன்றுமில்லாத புள்ளி, ஆனால் அதைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்று ஒரு வருடம் நிம்மதி போய்விடும்.

ஸ்கேன் எடுத்தால் ஆயுள் கூடுமா என்று நேராகவே ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையுள்ள 46 ஆயிரத்துச் சொச்சம் ஆண்களில் ஒரு பகுதியினரை, கால்சியம் ஸ்கேன் உள்ளிட்ட பரிசோதனைக்கு அழைத்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி ஐந்து வருடத்துக்குச் சற்று மேல் போனபோது அழைக்கப்பட்டவர்களில் 12.6 சதவீதம் பேரும், அழைக்கப்படாதவர்களில் 13.1 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். அழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவே இல்லை என்பதும் ஒரு காரணம். இருந்தாலும் அந்த வயதை எட்டிய எல்லோரும் வரிசையில் நின்று எடுக்க வேண்டிய ஸ்கேன் இது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டு வருடமாக ஸ்டாட்டின். எல்டிஎல் 160இலிருந்து 70க்கு வந்துவிட்டது. ஆசையாகத் திரும்ப ஸ்கேன் எடுத்தால் ஸ்கோர் 90இலிருந்து 140! மருந்து வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. நிறுத்திவிடாதீர்கள். ஸ்டாட்டின் மெத்தென்ற கொழுப்புப் படிவை இறுக்கிச் சுண்ணாம்பாக்குகிறது, இறுகியது கிழியும் வாய்ப்பு குறைவு, ஆனால் ஸ்கேன் சுண்ணாம்பைத்தானே எண்ணுகிறது, அதனால் எண் ஏறும். மாத்திரை ஆரம்பித்தபின் இந்த ஸ்கேனைத் திரும்ப எடுப்பதில் பயன் இல்லை, எடுக்கச் சொன்னது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் மார்க் ஷீட் எல்டிஎல் 70தான். 0 வந்து மாத்திரை போடாமல் இருப்பவர்கள் மட்டும் ஐந்து வருடம் போல் கழித்து ஒரு முறை பார்க்கலாம்.

அப்பாவுக்கு 70 வயது, எட்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தது. வருடா வருடம் கால்சியம் ஸ்கோர் எடுக்கலாமா?

வேண்டாம். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் டெஸ்ட் இது, அவருக்கு இருப்பது எட்டு வருடமாகத் தெரியும்.

போன மாதம் ஸ்கோர் 0. ஆனால் இரண்டு வாரமாக மாடி ஏறினால் நெஞ்சு கனக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. 0 வந்ததால் இது வாயுத் தொல்லைதானே?

அப்படி முடிவு செய்யாதீர்கள். ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்பது இதயம் பேசும் பாஷை, 0 இருந்தாலும். இந்த வாரமே போய் டாக்டரைப் பாருங்கள், ரிப்போர்ட்டைக் காட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வர ஆரம்பித்தால் வாரம் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு.

ஸ்கேன் அன்று வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

கால்சியம் ஸ்கோருக்குத் தேவையில்லை. அன்று காபியும் சிகரெட்டும் வேண்டாம், துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கிவிடும். நெஞ்சில் இசிஜி ஒட்டுகளை ஒட்டுவார்கள், மூச்சை உள்ளே இழுத்துப் பத்து நொடி போல் பிடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் ஸ்கேன். சட்டை மாற்றும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேரம். சங்கிலி போட்டிருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.